டீஃப்ராக் மென்பொருள் கணினிக்கு நன்மையா, தீமையா?

கார்முகில் எழுதியது:

நண்பர்களே, அண்மையில் உறவினர் ஒருவரின் மடிக்கணினியைப் பார்க்க நேர்ந்தது. அது மெதுவாக இயங்குகிறது என்ற குறையைத் தீர்ப்பதற்காக அவர் இணையத்திலிருந்து இறக்கி நிறுவியிருந்த டீஃப்ராக் மென்பொருள், அதாவது வட்டில் துண்டு துண்டாகச் சிதறிய கோப்புகளை ஒன்றாகச் சேர்த்து அடுக்கும் மென்பொருள், நாள்தோறும் பின்னணியில் ஓடிக் கோப்புகளை இடம் மாற்றிக்கொண்டே இருந்தது. கணினிக்குள் இருந்ததோ எஸ்எஸ்டி, அதாவது தரவை ஃப்ளாஷ் சில்லுகளில் வைக்கும் சேமிப்பகம். அந்த மென்பொருளை நீக்கிய பிறகுதான் கணினி இயல்புக்குத் திரும்பியது. இத்தகைய மென்பொருள்கள் இன்றைய கணினிக்கு நன்மையைவிடத் தீமையையே செய்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் வாசிப்பு முனையும் இல்லை. கோப்பு எத்தனை துண்டுகளாகக் கிடந்தாலும், ஒவ்வொரு துண்டையும் எட்டுவதற்கு ஏறத்தாழ 0.1 மில்லிவினாடியோ அதற்கும் குறைவாகவோதான் ஆகிறது. மேலும், இயக்க முறைமை அறிந்திருக்கும் முகவரி வேறு, சில்லுக்குள் தரவு உண்மையில் அமர்ந்திருக்கும் இடம் வேறு. தரவைத் தாங்கும் எல்லா நுண்கலங்களும் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக, நடுவில் உள்ள கட்டுப்படுத்தி தரவைத் தன் கணக்குப்படி பரப்பி வைக்கிறது. ஆகவே திரையில் வண்ணக் கட்டங்கள் வரிசையாகச் சேர்வது போலத் தெரிந்தாலும், சில்லுக்குள் அந்த வரிசை உருவாவதில்லை. ஃப்ளாஷ் கலங்களை அழித்து எழுதுவதற்கோ ஒரு வரம்பு உண்டு. பயனில்லாத இடமாற்றத்துக்காக அந்த வரம்பை நாமே கரைப்பது எப்படி நியாயமாகும்?

மின்மினி எழுதியது:

கார்முகில் அவர்களே, எஸ்எஸ்டியைப் பற்றி நீங்கள் கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எஸ்எஸ்டிக்கு உரிய தீர்ப்பை எல்லாச் சேமிப்பகங்களுக்கும் பொதுவாக்கிவிட்டீர்கள். சுழலும் வன்தட்டுகள் இன்னும் ஏராளமான கணினிகளில் வேலை செய்துகொண்டிருக்கின்றன.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வன்தட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவினாடி, வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிவினாடி. முனை ஒரு தடத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவ ஏறத்தாழ 9 மில்லிவினாடி சேர்த்தால், சிதறிய துண்டு ஒவ்வொன்றுக்கும் 13 மில்லிவினாடி வீணாகிறது. 200 மெகாபைட் கோப்பு தொடர்ச்சியாக இருந்தால், வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் இரண்டே வினாடிகளில் படித்து முடிக்கலாம். அதே கோப்பு 2000 துண்டுகளாகக் கிடந்தால், காத்திருப்பு மட்டுமே 26 வினாடிகள் ஆகும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் காணும் எவரும் டீஃப்ராக் வீண் வேலை என்று சொல்லமாட்டார்.

கார்முகில் எழுதியது:

உங்கள் கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கே என் பக்கமும் பேசுகிறது. ஒரு துண்டின் அளவு 64 மெகாபைட் என்றால், அதைப் படிக்கவே 640 மில்லிவினாடி ஆகிறது. அதனோடு 13 மில்லிவினாடி கூடுவது இரண்டு விழுக்காடுதான். இதனால்தான் விண்டோஸ் விஸ்டா பதிப்பின் காலம் தொட்டு விண்டோஸுடன் வரும் கருவி, 64 மெகாபைட்டை விடப் பெரிய துண்டுகளை இயல்பாகவே தொடாமல் விட்டுவிடுகிறது. வெளியிலிருந்து வாங்கி நிறுவும் மென்பொருள்களில் சில, வட்டு முழுவதையும் ஒரே வரிசையாக்கிக் காட்டுவதையே பெருமையாக விளம்பரம் செய்து, அந்த இரண்டு விழுக்காட்டுக்காக நூற்றுக்கணக்கான கிகாபைட்டுகளை அங்குமிங்கும் நகர்த்துகின்றன. 1993இல் மைக்ரோசாஃப்டின் பழைய இயக்க முறைமையான எம்எஸ்-டாஸ் 6.0 டீஃப்ராக் கருவியுடன் வந்தபோது, அதை நாமே நினைவு வைத்து இயக்க வேண்டியிருந்தது. இப்போது விண்டோஸே அட்டவணைப்படி அந்த வேலையைச் செய்துகொள்ளும்போது, இன்னொரு மென்பொருள் எதற்கு?

வெண்கொற்றன் எழுதியது:

இடையில் புகுவதற்குப் பொறுத்தருள வேண்டும். வேகத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அழிந்த கோப்புகளை மீட்டுத் தருமாறு நண்பர்கள் என்னிடம் வருவதுண்டு. தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பின் தரவு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும் வரை வன்தட்டிலேயே கிடக்கும். அந்த நிலையில் தானியங்கி டீஃப்ராக் ஓடினால், மற்றக் கோப்புகளின் துண்டுகள் அந்தக் காலியிடத்தில் வந்து அமர்ந்துவிடுகின்றன; பிறகு எந்த மீட்புக் கருவியாலும் பயனில்லை. ஒருவர் தம் தந்தையின் ஒளிப்படங்களை இப்படி இழந்ததை நான் நேரில் கண்டேன். அன்று முதல், எதையாவது தேடி மீட்க வேண்டியிருந்தால் முதலில் டீஃப்ராக் அட்டவணையை நிறுத்துங்கள் என்று எல்லோரிடமும் மன்றாடிக்கொண்டிருக்கிறேன்.

பழுதாகத் தொடங்கிய வன்தட்டும் இதே வகைதான். மெதுவாகிவிட்டது என்று கருதி அதில் மணிக்கணக்காக டீஃப்ராக் ஓட்டுவது, இருக்கும் கொஞ்ச ஆயுளையும் பறித்துவிடலாம். வேகம் குறைந்தால் முதலில் வட்டின் நலத்தைச் சோதித்து, தரவை வேறிடத்தில் படியெடுத்து வைத்த பிறகே மற்ற எதையும் எண்ண வேண்டும்.

மின்மினி எழுதியது:

வெண்கொற்றன் அவர்கள் கூறியது இந்த இழையிலேயே பயன்மிக்க எச்சரிக்கை. அதை முழுமையாக ஏற்கிறேன்.

ஆயினும் கார்முகில் அவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டியை டீஃப்ராக் செய்யவே கூடாது என்பது விண்டோஸே பின்பற்றாத விதி. விண்டோஸ் 8 முதல் அந்தக் கருவி எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும், இனி தேவையில்லாத தரவு எங்கே இருக்கிறது என்று தெரிவிக்கும் ட்ரிம் கட்டளையை அனுப்புவதோடு நின்றுவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் கணினி மீட்டெடுப்புக்கான நிழற்படிகள் (வட்டின் முந்தைய நிலையின் பதிவுகள்) இயக்கத்தில் இருந்தால், எஸ்எஸ்டியையும் அவ்வப்போது டீஃப்ராக் செய்கிறது. விண்டோஸ் கோப்புகளை வட்டில் ஒழுங்குபடுத்தப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு கோப்பின் துண்டுகளைக் குறித்து வைக்கும் பட்டியலுக்கும் வரம்பு உண்டு. அந்த வரம்பை எட்டிய கோப்பு, வட்டில் இடம் இருந்தும் மேலே வளர முடியாமல் நின்றுவிடும். 2020இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்று, கடைசியாக எப்போது இந்த வேலையைச் செய்தோம் என்பதைப் பதிந்து வைக்காத பிழையால், தேவைக்கு மேல் டீஃப்ராக் செய்தது. அதே ஆண்டில் அது திருத்தப்பட்டது. ஆகவே, பிழை இருந்தது அளவில்தான்.

மற்றொன்று, உள்ளமைந்த அட்டவணை எல்லோருக்கும் போதுமானதாக இருப்பதில்லை. மெய்நிகர் கணினியின் (கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் இன்னொரு கணினியின்) வட்டுக் கோப்பு, நாள்தோறும் சிறுகச் சிறுக வளரும் மின்னஞ்சல் தரவுத்தளம் ஆகியவை கடுமையாகச் சிதறும். எனக்குத் தேவை அந்த ஒரு கோப்பை மட்டும் சீராக்கும் கருவி. அதை நான் வன்தட்டில் பயன்படுத்துவதில் என்ன தீமை?

கார்முகில் எழுதியது:

ஒரு கோப்பை மட்டும், அதுவும் சுழலும் வன்தட்டில், தேவை கண்டு சீராக்குவதை நான் எதிர்க்க முடியாது. அந்த அளவுக்கு என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். வட்டின் வகையைக்கூடப் பார்க்காமல் நாள்தோறும் ஓடும் மென்பொருளின் மீதுதான் என் சினம், அதில் மாற்றமில்லை. ஒரு வேண்டுகோள்: அந்த மெய்நிகர் கணினிக் கோப்பின் துண்டுகளின் எண்ணிக்கையையும் அது தொடங்க எடுக்கும் நேரத்தையும், சீராக்குவதற்கு முன்னும் பின்னும் குறித்து இங்கே இடுவீர்களா?

மின்மினி எழுதியது:

இடுகிறேன். படியெடுத்து வைத்துவிட்டு இன்றிரவே பகுப்பாய்வை ஓட்டுகிறேன். நினைவகத்தில் தங்கிய பழைய தரவு முடிவைக் கெடுக்காமல் இருக்க, ஒவ்வொரு முறையும் கணினியை மறுதொடக்கம் செய்த பிறகே நேரத்தை அளப்பேன்.