அக்கினி வசந்த விழாவின் கடைசி வாரம்: 7 நாள் விடுப்பில் எதைத் தவறவிடக் கூடாது?

கோவைப் பேரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தாயார் பிறந்த ஊர் செய்யாற்றை அடுத்த ஒரு சிற்றூர். வருகிற வைகாசியில் அங்கே திரௌபதி அம்மனுக்குரிய தருமராஜா கோயிலில் அக்கினி வசந்த விழா நடக்கவிருக்கிறது. மாமா அனுப்பிய நோட்டீசில் 18 நாள் பிற்பகலில் மகாபாரதச் சொற்பொழிவு, 10 இரவுகள் கட்டைக்கூத்து நாடகம், கடைசி ஞாயிறன்று காலையில் படுகளம் (துரியோதனன் வீழும் காட்சி), மாலையில் தீமிதி, மறுநாள் தருமர் பட்டாபிஷேகம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு வாரத்திற்கு மேல் விடுப்புக் கிடைக்காது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7 வயது. இருவருக்கும் பாரதக் கதை தொலைக்காட்சித் தொடரின் வழியாகத்தான் தெரியும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஞாயிறு மாலை நேராகத் தீமிதிக்கு வந்து இறங்கினோம். புகையையும் முன்னால் நின்றவர்களின் முதுகையும் பார்த்துவிட்டு இரவுப் பேருந்தில் திரும்பினோம். மகன் என் தோளில் உட்கார்ந்திருந்ததால் அவனுக்கு மட்டும் ஏதோ தெரிந்தது. இம்முறை அப்படி ஆகக் கூடாது. எந்த நாளில் வந்து சேர வேண்டும்? விடிய விடிய நடக்கும் கூத்தில் சிறு பிள்ளைகளை உட்கார வைக்க முடியுமா? பிற்பகல் சொற்பொழிவுக்கும் போக வேண்டுமா, அல்லது அந்த நேரத்தில் தூங்கிவிட்டு இரவுக்குத் தயாராவது நல்லதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஆற்றங்கரையான்

ஐயா, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றில் படுகளம் ஞாயிறு என்றால், சனி இரவு பதினெட்டாம் போர், வெள்ளி கர்ண மோட்சம், வியாழன் அபிமன்யு வதம், புதன் கிருஷ்ணன் தூது, செவ்வாய் அர்ச்சுனன் தபசு, திங்கள் துகில் (திரௌபதி துகிலுரிதல்) என்று அமையும். போருக்கு முன் அர்ச்சுனன் மகன் அரவானைப் பலி கொடுக்கும் களபலிக்குத் தனி இரவு ஒதுக்குவதும், அந்த ஆண்டு வரிப்பணம் போதாவிட்டால் சொற்பொழிவோடு முடித்துக்கொள்வதும் உண்டு. உங்கள் ஊர் நோட்டீசில் வரிசை ஓரிடம் முன்பின்னாக இருக்கலாம். மாமாவிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமையே வந்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. துகில் இரவைப் பார்க்காமல் படுகளத்தில் போய் நின்றால், அம்மன் கூந்தல் முடிப்பதற்காக ஏன் ஓர் ஊரே வெயிலில் காத்துக்கிடக்கிறது என்று பிள்ளைகளுக்குப் பிடிபடாது. அன்றைய கூத்தில் ஒரு கட்டம் வரும். துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டம் நின்றுவிடும். களரியிலேயே, அதாவது கூத்தாடும் இடத்திலேயே, கற்பூரம் ஏற்றி, "தாயே, இது வேஷம், நான் செய்யும் பிழையைப் பொறுத்துக்கொள்" என்ற பொருளில் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் அவர் தொடர்வார். அதுவரை சுண்டல் தின்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அந்த நிமிடத்தில் அடங்கிப்போவதை உங்கள் மகள் பார்க்க வேண்டும்.

தபசு நாளில் இரவு வரை காத்திருக்க வேண்டாம். கோயில் எதிரே உயரமான பனைமரத்தை நட்டு, குறுக்கே படிச்சட்டங்கள் அடித்து, உச்சியில் பரண் கட்டியிருப்பார்கள். அர்ச்சுனன் வேடமிட்டவர் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழம், வில்வ இலை, பூ, விபூதி ஆகியவற்றை வீசுவார். பிள்ளை வரம் வேண்டி ஈர உடையோடு நிற்கும் பெண்கள் மடியேந்தி அவற்றைப் பிடிப்பார்கள். சில ஊர்களில் இது விடியற்காலையிலும் சில ஊர்களில் பிற்பகலிலும் நடக்கிறது. மரத்தடிக்குப் போகாமல் சற்றுத் தள்ளி நின்றால்தான் ஏறுபவரின் முகம் தெரியும்.

சொற்பொழிவை விட்டுவிட்டுத் தூங்குவது தவறு. பிற்பகலில் பிரசங்கியார் எங்கே நிறுத்துகிறாரோ, ஏறக்குறைய அங்கிருந்துதான் இரவில் கூத்துத் தொடங்கும். அவர் வில்லிபுத்தூராரின் பாரதப் பாட்டை ராகத்தோடு பாடி, பதம் பிரித்துச் சொல்லி, நடுநடுவே அந்நூலில் இல்லாத ஊர்க்கதைகளையும் கலந்து விடுவார். 4,300 பாடல்களுக்கு மேல் உள்ள நூலை 18 பிற்பகல்களில் சொல்லி முடிப்பதற்கு எதைத் தள்ள வேண்டும், எதில் அரை மணி நேரம் நிற்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வழக்கம் நேற்றுத் தோன்றியதும் அன்று. காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தில் கிடைத்த, 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேட்டிலேயே மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது.

வேஷக்கொட்டகை

மேலே நண்பர் சொன்ன வரிசை சரியானது. நான் கூத்துக்காரர் வீட்டுப் பிள்ளை; என் தகப்பனார் 30 ஆண்டுகளுக்கு மேல் துரியோதனன் வேடம் கட்டியவர். ஆகவே இரவுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நோட்டீசில் இரவு 10 மணி என்று போட்டிருந்தாலும் வேஷக்காரர்கள் களரிக்கு வர நள்ளிரவு நெருங்கிவிடும். நீங்கள் 9 மணிக்கே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேஷக்கொட்டகைப் பக்கம் போய், வாத்தியாரிடம் அனுமதி கேட்டு ஓரமாக உட்காருங்கள். கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் தமக்குத் தாமே அரிதாரம் பூசிக்கொள்வார்கள். துரியோதனனுக்குச் சிவப்பு. முகம் முடிந்த பிறகுதான் கட்டை ஏறும். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதித்தவை. இந்தக் கட்டைகளால்தான் கட்டைக்கூத்து என்ற பெயர். தெருக்கூத்து என்று சொல்வதா, கட்டைக்கூத்து என்று சொல்வதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. 1990-இல் காஞ்சிபுரத்தில் சங்கம் அமைத்த கலைஞர்கள் பின்னதையே வலியுறுத்தினார்கள். திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் தம்பிரான் பரம்பரையினர் தெருக்கூத்து என்றே சொல்லி வருகிறார்கள். எங்கள் வீட்டில் வெறும் "கூத்து" என்பதோடு சரி.

கயிற்றை இறுக்கிக் கட்டாவிட்டால் கிறுக்கி என்ற சுழலாட்டத்தில் சுற்றும்போது கட்டை கழன்று பறந்துவிடும். என் தகப்பனார் மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு சுற்று" என்பார். விடிந்து வந்து அவிழ்த்தால் தோளிலும் விலாவிலும் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருக்கும். அம்மா தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தடவுவதற்குள் அவர் தூங்கிவிட்டிருப்பார்.

பிள்ளைகளால் விழித்திருக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியாது; விழித்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. பாயும் போர்வையும் கொண்டு வந்து முன் வரிசையில் படுக்க வையுங்கள். முகவீணை என்ற ஊதுகுழல் மேல் சுரத்தில் நின்று, மத்தளம் வேகமெடுத்து, இரண்டு பேர் திரை பிடித்துக்கொண்டு வந்தால் ஒரு பெரிய வேஷம் வரப்போகிறது என்று பொருள்; அப்போது எழுப்பினால் போதும். திரைக்குப் பின்னாலிருந்து முதலில் குரல் வரும், பிறகு கிரீடத்தின் நுனி தெரியும், சலங்கைக் கால் தெரியும். முகம் தெரிய வெகுநேரமாகும். அந்தக் காத்திருப்பில்தான் கூத்தின் ருசி இருக்கிறது. நடுவில் கோமாளியான கட்டியங்காரன் வந்து உள்ளூர்ச் சங்கதிகளை இழுத்துக் கிண்டல் செய்வார். உங்கள் மாமாவின் பெயரும் அடிபட வாய்ப்புண்டு. அன்பளிப்புக் கொடுத்தால் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். கைப்பேசியில் படம் எடுப்பதை யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் திரை விலகும் நேரத்தில் முகத்திற்கு நேராக வெளிச்சம் அடிக்காதீர்கள்.

ஒரே ஓர் இரவுதான் முழுதாக உட்கார முடியும் என்றால் கர்ண மோட்சத்தைத் தேர்ந்தெடுங்கள். போருக்குப் புறப்படும் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பேசிக்கொள்ளும் பகுதியை நல்ல ஜோடி ஆடினால், விடியற்காலை 3 மணிக்கும் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். பொன்னுருவியாக வருபவரும் பெரும்பாலும் ஆணே. காஞ்சிபுரம் பக்கத்தில் சங்கம் நடத்திய குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் பயின்று ஆடினார்கள். அது 2020-இல் மூடப்பட்டது. உங்கள் மகள் "பெண்கள் ஏன் ஆடவில்லை" என்று கேட்டால், ஆடியவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள்.

வந்தவாசி மருமகள்

கூத்தைப் பற்றி ஆண்கள் விரிவாக எழுதிவிட்டீர்கள். படுகளத்தை நான் சொல்கிறேன். நான் இந்த ஊருக்கு வாழ வந்தவள். முதல் ஆண்டு என் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு போய் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

சனி இரவுக் கூத்து களரியில் முடிவதில்லை. பீமனும் துரியோதனனும் வேடத்தோடு, வியர்வையில் அரிதாரம் வழிய, கதாயுதத்தோடு மைதானத்துக்கு ஓடி வருவார்கள். அங்கே களிமண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து படுத்திருப்பான். கால்மாட்டில் நின்றால் மீசை தெரியாது, அவ்வளவு நீளம். முதல் நாளே குழந்தைகளை அழைத்துச் சென்று அந்த மண் வேலையைக் காட்டுங்கள் என்று உங்களைக் குறிப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். ஈரமண்ணைக் குடம் குடமாகச் சுமந்து கொட்டி, கையால் தட்டி வயிறு எழுப்பி, கடைசியில் கண்ணுக்கு வெள்ளை தீட்டுவார்கள். தொடைக்குள் சிவப்புக் கரைசல் நிறைந்த ஒரு பானையைப் புதைப்பார்கள். மறுநாள் பீமன் அடிப்பது அந்தத் தொடையில்தான். அதிலிருந்து எடுத்துத் தடவித்தான் அம்மன் கூந்தலை முடிப்பார்கள்.

எங்கள் ஊரில் அதன்பின் ஒப்பாரி உண்டு. துரியோதனனைத் துடைப்பத்தாலும் முறத்தாலும் அடித்த அதே கூட்டம், காந்தாரி மார்பில் அடித்துக்கொண்டு அழும்போது சேர்ந்து அழுகிறது. என் மாமியார் ஆண்டுதோறும் அழுவார். கேட்டால், "அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே" என்பார். பிறகு எல்லோரும் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வீடு திரும்புவோம். நெல் குதிரில் ஒரு சிட்டிகை, வாசல் நிலையில் ஒரு சிட்டிகை.

வேடமிட்டவர்களுக்கு அப்போது ஆவேசம் வந்துவிடுவதுண்டு. ஓடுகிற பாதையில் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். 7 வயதுப் பையன் பயப்படுவானா என்றால், பயப்படுவான். என் மகன் முதல் முறை என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அதற்காக அழைத்து வராமல் இருக்க வேண்டாம். முதல் நாள் கொட்டகையில் துரியோதனன் வேடக்காரரோடு இரண்டு வார்த்தை பேச வைத்துவிடுங்கள்.

சொற்பொழிவுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். காலைச் சமையலையும் மாட்டு வேலையையும் முடித்துவிட்டு 1 மணிக்குப் பந்தலில் உட்கார்ந்தால், அந்த 18 நாளில்தான் எங்களுக்குத் தொடர்ந்து சில மணி நேரம் ஓரிடத்தில் உட்கார வாய்க்கிறது.

தென்பெண்ணை

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோட்டீசில் "ஊர்ப் பொதுமக்கள்" என்று இருக்கும். அந்தச் சொல்லுக்குள் எல்லாத் தெருவும் அடங்குமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். பகாசூரன் நாளில் பீமன் சோற்று வண்டியில் ஏறித் தெருத்தெருவாக வருவார். வண்டி எந்தத் தெரு முனையில் திரும்புகிறது என்று கவனித்தால் உங்களுக்கே விளங்கும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் நுழைவது தொடர்பான பிரச்சினையில் 2023-இல் கோயிலுக்கே முத்திரை வைத்தார்கள். விழாவைப் பார்க்க வரும் பிள்ளைகள் கேட்காமல் இருக்கலாம். கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுங்கள்.

ஆற்றங்கரையான்

தென்பெண்ணை சொல்வதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஊரில் வண்டி எல்லாத் தெருவுக்கும் போகத் தொடங்கியது என் தலைமுறையில்தான். அதற்கும் இரண்டு ஆண்டுகள் கூட்டம் போட்டுப் பேச வேண்டியிருந்தது.

கோவைப் பேரன்

அனைவருக்கும் நன்றி. மாமாவிடம் கேட்டுவிட்டேன், எங்கள் ஊரில் அரவான் களபலிக்குத் தனி இரவு உண்டாம், அதனால் துகில் ஞாயிறே வந்துவிடுகிறது. விடுப்பை ஒரு நாள் முன்னுக்குத் தள்ளிக் கேட்டிருக்கிறேன். கிடைத்தால் அந்த ஞாயிறு பிற்பகல் சொற்பொழிவிலேயே உட்கார்ந்துவிடுவோம். பட்டாபிஷேகத்தை விட்டுவிட வேண்டியிருக்கும். மகனிடம் மண் துரியோதனனைப் பற்றிச் சொன்னேன். குடத்தில் மண் சுமக்க அவனையும் விடுவார்களா என்று கேட்கிறான்.

வந்தவாசி மருமகள்

தாராளமாக விடுவார்கள், தம்பி. சனிக்கிழமை காலையில் பழைய சட்டை போட்டு அனுப்புங்கள்; அந்த மண் கறை துவைத்தாலும் போகாது.