என் நாவலுக்கு வாசகரைத் தேட வழிகாட்டுபவர் யாராவது தெரியுமா?

இரண்டு மாதம் முன்னாடி முதல் நாவலைக் கிண்டிலில் நானே வெளியிட்டேன். இதுவரை 23 பிரதி. பாதிப்பேர் சொந்தக்காரர்கள், "வாங்கிட்டேன்பா" என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார்கள், படித்தார்களா என்று கேட்கத் தைரியமில்லை.

கேடிபியில் (கிண்டிலில் நாமே புத்தகம் வெளியிட உதவும் அமேசான் தளம்) தேடுசொல்லுக்கு 7 கட்டங்கள் உண்டு. ஏழிலும் 'நாவல்', 'தமிழ் நாவல்' என்றே நிரப்பியிருக்கிறேன். அதன் 'செலக்ட்' திட்டத்தில், புத்தகத்தை இலவசமாகத் தர 90 நாளுக்குக் கிடைக்கும் 5 நாளையும் முதல் வாரமே தீர்த்துவிட்டேன், ஒரு விமர்சனம்கூட இல்லாதபோது!

யூடியூப் அறிவுரை போதும் போதுமென்றாகிவிட்டது. என் அட்டையையும் பின்னட்டைக் குறிப்பையும் பார்த்து, இது யாருக்கான புத்தகம், அவர்களை எங்கே பிடிப்பது என்று சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். அப்படி யாரிடமாவது போயிருக்கிறீர்களா? கட்டணம் தரத் தயார். "பெஸ்ட்செல்லர் ஆக்கித் தருகிறேன், முழுப்பணமும் முன்னாடியே" என்பவர்கள் மட்டும் வேண்டாம். ஒருமுறை பட்டாயிற்று.