ஃபால்கன்ஸ் டிராஃப்ட் 2025: அடுத்த வருட முதல் சுற்றை எந்தத் தைரியத்தில் கொடுத்தார்கள்?

பீச்ட்ரீ பாண்டியன்:
புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி: டிராஃப்ட் என்றால் என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக முறை வைத்து எடுப்பது; மோசமாக முடித்த அணிக்கு முன் இடம், நன்றாக ஆடிய அணிக்குப் பின் இடம். அந்த இடம்தான் பிக், அதை வேறு அணிக்குக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். நேற்று இன்னொரு இழையில் செவ்விறகு எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "பத்து வருடத்தில் ஃபால்கன்ஸ் செய்த சிறந்த டிராஃப்ட் இதுதான், கொடுத்த 2026 முதல் சுற்று எப்படியும் 25க்கு மேல்தான் வரும், அதற்குப் புலம்புகிறவர்களுக்கு ஃபுட்பால் தெரியாது" என்று எழுதியிருக்கிறார். போன சீசன் (2024) 8 வெற்றி, 9 தோல்வி என்று முடித்த அணி நம் அட்லாண்டா ஃபால்கன்ஸ். 2017 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் வாசலை மிதிக்காத அணி. 25க்கு மேல், அதாவது வரிசையின் கடைசிப் பக்கம், வர வேண்டுமென்றால் பிளேஆஃபுக்குப் போனால் மட்டும் போதாது, அங்கே ஒரு ஆட்டமாவது ஜெயிக்க வேண்டும். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

15வது இடத்தில் ஜேலன் வாக்கரை எடுத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஜார்ஜியா பல்கலைக்கழகப் பையன், கல்லூரியின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது வாங்கியவர், உள்ளேயும் ஆடுவார் ஓரத்திலும் ஆடுவார். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்புறம் ராம்ஸிடம் போய் 46வது, 242வது பிக், கூடவே அடுத்த வருட முதல் சுற்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு 26ஐயும் 101ஐயும் வாங்கி ஜேம்ஸ் பியர்ஸை எடுத்தார்கள். ராம்ஸின் ஜிஎம் (பொது மேலாளர்) லெஸ் ஸ்னீட் அந்த ஃபோனை வைத்தபோது எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

செவ்விறகு:
பாண்டியன் சார், நான் எழுதியதில் பாதியைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். போன சீசனில் நம் அணி எடுத்த சாக் (எதிரணி குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்குள் அவரை வீழ்த்துவது) மொத்தம் 31, லீகிலேயே கடைசிக்கு முந்தைய இடம். ஒரே சீசனில் பத்து சாக் எடுத்த ஃபால்கன் கடைசியாக யார்? 2016இல் விக் பீஸ்லி, 15.5. அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. டிஃபன்ஸின் இந்த ஓட்டையை அடைக்காமல் 2026 டிராஃப்டைப் பூட்டி வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? 245 பவுண்டு உடம்பை வைத்துக்கொண்டு 40 யார்டை 4.47 வினாடியில் ஓடுகிறவர் பியர்ஸ். டென்னஸியில் கடைசி இரண்டு சீசனில் 17.5 சாக். 46வது இடம் வரைக்கும் உங்களுக்காக அவர் காத்துக்கொண்டிருப்பாரா?

பீச்ட்ரீ பாண்டியன்:
பியர்ஸ் நன்றாக ஆடுவாரா மாட்டாரா என்று நான் கேட்கவே இல்லை. 25க்கு மேல் என்று எப்படிச் சொன்னீர்கள்? அதற்குப் பதில் வரவில்லை.

நாலாம் டவுன்:
பாண்டியன் அண்ணே, 2011இல் ஹூலியோ ஜோன்ஸுக்காக 27இலிருந்து 6க்கு ஏறினோமே, அப்போதும் அடுத்த வருட முதல் சுற்றைக் கொடுத்தோம். கூடவே இரண்டாம் சுற்று, இரண்டு நாலாம் சுற்று. பிரௌன்ஸ் அந்த 2012 பிக்கில் யாரை எடுத்தார்கள்? பிராண்டன் வீடன். யார் ஜெயித்தார்கள் என்று ஊருக்கே தெரியும்.

பீச்ட்ரீ பாண்டியன்:
இந்த ஹூலியோ கதை வரும் என்று எதிர்பார்த்தேன். 2010இல் நாம் 13-3. பதின்மூன்றுக்கு மூன்று, தம்பி. அப்படிப்பட்ட அணி அடுத்த வருட முதல் சுற்றைக் கொடுத்தால், கொடுப்பது கடைசி வரிசை பிக் என்று தெரிந்தே கொடுக்கிறது. கடைசியில் அது 22வதாக வந்தது. 8-9 அணி கொடுப்பது டாப் பத்துக்குள் வந்து விழலாம். ஹூலியோவை 6வது இடத்தில் எடுத்தோம், இவரை 26இல் எடுத்திருக்கிறோம். விலையை ஒப்பிடுகிறவர்கள் வாங்கின சரக்கையும் சேர்த்து ஒப்பிட வேண்டாமா?

2017இலும் இதே 26வது இடத்துக்கு மேலே ஏறிப் போய்த்தான் டக்கரிஸ்ட் மெக்கின்லியை எடுத்தோம். அவரும் எட்ஜ்தான், ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக் மேல் பாய்கிறவர். இரண்டாவது ஒப்பந்தம் வரைக்கும்கூட இங்கே தாக்குப்பிடிக்கவில்லை.

டாம்பா வாசல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் உங்கள் டிவிஷனிலேயே ஆடும் டாம்பா பே பக்கனீர்ஸ் பக்கம். 2021 முதல் 2024 வரை நான்கு சீசனும் டிவிஷன் பட்டம் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. நீங்கள் 2026 பிக்கை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

நாலாம் டவுன்:
போன சீசனில் உங்களை இரண்டு தடவையும் அடித்தோம். அதை மறந்துவிட்டீர்களா?

டாம்பா வாசல்:
இரண்டு தடவை அடித்தும் பிளேஆஃபுக்கு நாங்கள்தானே போனோம்! 10-7. கடைசி ஆட்டத்தில் பேந்தர்ஸிடம் 44-38 தோற்றது யார்?

கோடைமழை:
எல்லோரும் ஒரு பிக்கையே பிடித்துத் தொங்குகிறீர்கள். 96வது இடத்தில் எடுத்த சேவியர் வாட்ஸைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நோத்ர டாமில் இரண்டு சீசனில் 13 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பிடித்துக்கொள்வது), 2023இல் கல்லூரியின் சிறந்த டிஃபன்ஸ் ஆட்டக்காரருக்கான நகர்ஸ்கி விருது. ஜெஸ்ஸி பேட்ஸுக்குப் பக்கத்தில் ஆட நமக்கு இப்படியொரு சேஃப்டி (டிஃபன்ஸின் கடைசி வரிசைக் காவல்) தேவைப்பட்டது. பில்லி போமனும் நிக்கல் (பாஸைத் தடுக்க இறங்கும் ஐந்தாவது ஆள்) இடத்துக்குப் பொருத்தமானவர். எனக்கு இந்த டிராஃப்டில் பியர்ஸைவிட இந்த இருவர் மேல்தான் நம்பிக்கை.

பீச்ட்ரீ பாண்டியன்:
வாட்ஸ் நல்ல பிக், கோடைமழை. ஆனால் அவருக்காகவும் 101ஐயும் 134ஐயும் ஈகிள்ஸிடம் கொடுத்துத்தான் 96க்கு ஏறினோம். மொத்தக் கணக்கைப் பாருங்கள். மூன்றாம் சுற்று மேத்யூ ஜூடனுக்காக பேட்ரியட்ஸிடம் போனது, அவர் எடுத்தது 5.5 சாக், இப்போது அவரும் அணியில் இல்லை. ஐந்தாம் சுற்று குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸை விதி மீறி அணுகியதற்கான தண்டனையாகப் போனது. கடைசியில் கையில் வந்தது ஐந்தே பேர். க்ரேடி ஜாரெட்டை அனுப்பிவிட்டார்கள், அந்த இடத்துக்கு இந்த டிராஃப்டில் ஒரு டிஃபன்சிவ் டேக்கிள்கூட இல்லை. நடுவில் ஆள் இல்லாமல் ஓரத்தில் மட்டும் வேகமாக ஓடி என்ன பயன்? எதிரணி நேராக நடுவில் ஓடிவிட்டுப் போகும். இத்தனைக்கும் மேல் 2026 முதல் சுற்றும் இல்லை. அடுத்த வருடம் இளம் குவார்ட்டர்பேக் பென்னிக்ஸ் சரிப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், குவார்ட்டர்பேக்கை எதை வைத்து எடுப்பீர்கள்?

செவ்விறகு:
ஓ, பென்னிக்ஸும் வேண்டாமா? போன வருடம் 8வது இடத்தில் அவரை எடுத்தபோது இதே இடத்தில் பக்கம் பக்கமாகத் திட்டியவர் நீங்கள்தான். "டல்லாஸ் டர்னரை விட்டுவிட்டார்களே" என்று அழுதீர்கள். முதல் சீசனில் டர்னர் எத்தனை சாக்? மூன்று. பென்னிக்ஸ் கடைசி மூன்று ஆட்டத்தில் இறங்கி ஜயன்ட்ஸை 34-7 என்று நொறுக்கினார், தோற்ற இரண்டும் ஓவர்டைமில்.

பீச்ட்ரீ பாண்டியன்:
பழையதைக் கிளறுவோமா? சரி. கசின்ஸுக்கு 180 மில்லியன் டாலர் ஒப்பந்தம், 100 மில்லியன் உத்தரவாதம் என்று செய்தி வந்த அன்று "டிவிஷன் நம்முடையது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்" என்றவர் யார்? எழுதி வைத்திருக்கிறேன். 18 டச்டவுன், 16 இன்டர்செப்ஷன், 14 ஆட்டத்தோடு பெஞ்ச். இப்போது அதே ஆள் 25க்கு மேல் வரும் என்கிறார், நாங்கள் கேள்வி கேட்கக்கூடாதாம். டர்னரை எடுக்கச் சொன்னதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை. போன வருடம் முதல் 14 பிக்கும் அஃபென்ஸ் ஆட்டக்காரர்களே போனார்கள். 8வது இடத்தில் டிஃபன்ஸ் ஆட்களில் யாரை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். அப்போதே ஒரு எட்ஜை எடுத்திருந்தால் இந்த வருடம் இப்படி அடித்துப் பிடித்து முதல் சுற்றைக் கொடுக்கும் நிலை வந்திருக்குமா?

செவ்விறகு:
அப்போது குவார்ட்டர்பேக் யார்? முதுகில் குத்துவதற்கு முன்னால் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

பீச்ட்ரீ பாண்டியன்:
முதுகில் யாரும் குத்தவில்லை, முகத்துக்கு நேராகத்தான் கேட்கிறேன். 25க்கு மேல் எப்படி?

நாலாம் டவுன்:
அண்ணே, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். எட்ஜ் இரண்டு பேர் ஒரே வருடத்தில் வந்தால் பயிற்சியும் ஒன்றாக, வளர்வதும் ஒன்றாக. லெனார்ட் ஃபிளாய்டையும் கொண்டுவந்திருக்கிறார்கள், டிஃபன்ஸ் பயிற்சியாளர் ஜெஃப் உல்பிரிக்கும் திரும்ப வந்திருக்கிறார். ஒருத்தரை மட்டும் எடுத்தால் எதிரணி இரண்டு பேரை வைத்து அவரை அடக்கிவிடும். இரண்டு பக்கமும் வேகம் இருந்தால் அது நடக்காது. நம் டிவிஷனில் 10 வெற்றி போதும். அப்போது அந்த பிக் 20க்கு மேல்தான் வரும்.

பீச்ட்ரீ பாண்டியன்:
பாருங்கள், நேற்று 25 என்றார்கள், இன்றைக்கு 20 ஆகிவிட்டது. சீசன் தொடங்குவதற்குள் 12க்கு வந்துவிடுவார்கள்.

கோடைமழை:
வாக்கர் உயரம் ஆறடி ஒரு அங்குலம்தான். முழுநேர எட்ஜாக ஆட முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஜார்ஜியாவில் நடுவில் நின்று ஆடிவிட்டு ஓரத்திலிருந்தும் பாய்ந்து 6.5 சாக் எடுத்தார். இங்கே எந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்று யாராவது பேசலாமே.

டாம்பா வாசல்:
ஜார்ஜியா ஆள் வேண்டுமென்றால் 2023இலேயே ஜேலன் கார்ட்டரை எடுத்திருக்கலாம். 8வது இடத்தில் ஒரு ரன்னிங் பேக்கை எடுத்தீர்கள், அடுத்த பிக்கிலேயே ஈகிள்ஸ் கார்ட்டரைத் தூக்கிக்கொண்டு போனது. இப்போது அவர் கையில் சூப்பர் பௌல் மோதிரம்.

செவ்விறகு:
பிஜான் ராபின்சனைப் பற்றி டாம்பாகாரர் பேச வேண்டாம். 1,456 யார்டு, 14 டச்டவுன். உங்கள் டிஃபன்ஸுக்கு அது நன்றாகத் தெரியும்.

பீச்ட்ரீ பாண்டியன்:
டாம்பா சொல்வதில் இந்த ஒன்று மட்டும் உண்மை. கார்ட்டர் நம் மாநிலத்தில் படித்த ஆள், நடுவில் ஆடுகிறவர், நமக்கு இப்போது இல்லாத அதே இடம். பிட்ஸ், லண்டன், பிஜான் என்று வரிசையாக மூன்று முதல் சுற்றை அஃபென்ஸில் கொட்டியதே இதே டெரி ஃபான்டனோதான். அந்தக் கடனை அடைக்கத்தான் இப்போது அடுத்த வருடத்து முதல் சுற்றையும் எடுத்துச் செலவழிக்கிறார். வேலை போய்விடும் என்று பயப்படுகிற ஜிஎம்முக்கு 2026 பற்றி என்ன கவலை? அப்போது அவர் இருப்பாரா என்பதே சந்தேகம், ஆனால் நாம் இருப்போம், பார்த்துக்கொண்டிருப்போம்.

செவ்விறகு:
அப்படியானால் பிஜானும் தப்பான பிக் என்கிறீர்களா? சுற்றி வளைக்காமல் ஆம் இல்லை என்று சொல்லுங்கள், அதை வைத்துக்கொண்டு மேலே பேசுகிறேன்.

பீச்ட்ரீ பாண்டியன்:
முதலில் என் கேள்விக்கு.