ஏவ்பரி கல்வட்டம்: முழங்கால் வலிக்காரர், தள்ளுவண்டி, எட்டு வயதுப் பையன் – எந்த வழியில் நடக்கலாம்?

ஸ்லவ் தென்றல்

வில்ட்ஷயரில் இருக்கும் ஏவ்பரி கிராமத்துக்கு மே மாதக் கடைசிச் சனிக்கிழமை போக நினைக்கிறோம். நாங்கள் இருவர், அறுபத்தைந்தைத் தாண்டிய அப்பா அம்மா, எட்டு வயதுப் பையன், ஒன்றரை வயதுக் குழந்தை. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார். வேலி ஏறித் தாண்டச் சொல்ல முடியாது. அப்பாவும் பையனும் பத்து கி.மீ. என்றாலும் சளைக்க மாட்டார்கள். கார் உண்டு.

எல்லோரும் சேர்ந்து எவ்வளவு தூரம் போகலாம்? நடக்க முடிந்தவர்களுக்கு மட்டும் நீண்ட சுற்று எது? தள்ளுவண்டி ஓடுமா? அதே நாளில் ஸ்டோன்ஹெஞ்சையும் பார்த்துவிடலாமா?

சுண்ணாம்பு மேடு

முதலில் தேதி. மே மாதக் கடைசித் திங்கள் வங்கி விடுமுறை. நீங்கள் சொல்லும் சனிக்கிழமை அதை ஒட்டி வந்தால், கிராமத்தின் தெற்கு ஓரத்தில் ஏ4361 சாலையில் இருக்கும் நேஷனல் டிரஸ்ட் (பாரம்பரிய இடங்களைப் பராமரிக்கும் அறக்கட்டளை) கார் நிறுத்தம் நண்பகலுக்கு முன்பே நிரம்பிவிடும். பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள். கட்டணம் நிறுத்துவதற்குத்தான், கல்வட்டத்துக்கு நுழைவுச் சீட்டு கிடையாது. நிறுத்தத்திலிருந்து கற்களுக்கு ஐந்து நிமிட நடை.

நீண்ட சுற்று சுமார் 10 கி.மீ. நிற்காமல் நடந்தால் மூன்று மணி நேரம். பார்த்துப் பார்த்து நடந்தால் ஐந்து. இதை எதிர்க்கடிகாரத் திசையில் போவதுதான் நல்லது.

கார் நிறுத்தத்துக்கு எதிரே சாலையைக் கடந்து, ஓடையை ஒட்டித் தெற்கே போகும் பாதையைப் பிடியுங்கள். வலப்பக்கம் சில்பரி குன்று தெரியும். கி.மு. 2400 வாக்கில் மனிதர்கள் மண்ணும் சுண்ணாம்பும் கொட்டி எழுப்பியது, உயரம் 39 மீட்டர். பையன் ஏற ஆசைப்படுவான், அனுமதி இல்லை. 1776-ல் உச்சியிலிருந்து நேர்கீழே ஒரு குழி தோண்டினார்கள். அதைச் சரியாக மூடாததால் 2000-ல் உச்சி உள்வாங்கி, பெரிய பள்ளம் விழுந்தது. பிறகு செப்பனிட்டாலும், மேலே வளரும் புல்வெளியும் பாதுகாக்கப்பட்டது. கீழிருந்து பார்ப்பதோடு சரி.

பாதை ஏ4 நெடுஞ்சாலையில் முடியும். இந்தச் சுற்றில் உண்மையான ஆபத்து இந்தச் சாலைதான். வண்டிகள் வேகமாக வரும், சிக்னல் கிடையாது. பையனின் கையைப் பிடித்துக்கொண்டே கடக்க வேண்டும். அந்தப் பக்கம் வெஸ்ட் கென்னட் நீள்கல்லறைக்கு வழிகாட்டிப் பலகை இருக்கும். சிறு பாலம் தாண்டி, வயல் ஓரமாக லேசான ஏற்றம். கி.மு. 3650 வாக்கில் கட்டியது. நீளம் 100 மீட்டர், உள்ளே ஐந்து அறைகள், குறைந்தது 36 பேருடைய எலும்புகள் கிடைத்தன. உள்ளே 12 மீட்டர்தான் போக முடியும். தரையில் ஈரம் தேங்கும். கைபேசி வெளிச்சம் போதும்.

அங்கிருந்து கிழக்கே வயல்பாதையில் ஈஸ்ட் கென்னட் கிராமம், பிறகு ஓவர்ட்டன் ஹில். அங்கே ஏ4-ஐ இரண்டாம் முறை கடக்க வேண்டும். சாலை ஓரத்தில் வட்ட வட்டமாகச் சிறு கான்கிரீட் கட்டைகளைப் பார்ப்பீர்கள். சாங்சுவரி என்ற இடம். கல்லும் மரமும் நின்ற குழிகளுக்கு அடையாளமாக நட்டவை. பலர் இது என்னவென்றே தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஏ4-இன் வடபுறத்தில் ரிட்ஜ்வே என்ற நெடுந்தூர நடைவழி தொடங்குகிறது. முழு நீளம் 139 கி.மீ., உங்களுக்கு வேண்டியது முதல் 3 கி.மீ. மட்டும். வழி அகலம், தொலைந்துபோக வாய்ப்பில்லை. ஆனால் நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டராவது கிராமத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கிரீன் ஸ்ட்ரீட் என்ற பழைய வழித்தடம் குறுக்கிடும் இடத்தில் இடப்பக்கம் திரும்பினால் இறக்கத்திலேயே ஏவ்பரி. கற்களைச் சுற்றியிருக்கும் மண்கரையின் கிழக்கு இடைவெளி வழியாகக் கல்வட்டத்துக்குள் நுழைவீர்கள். எதிர்க்கடிகாரத் திசை என்று சொன்னது இதற்காகத்தான். வேறு எந்த வாசலிலும் இவ்வளவு நன்றாகக் கற்கள் முகம் காட்டாது.

கால் வலித்தால் ஓவர்ட்டன் ஹில்லிலேயே நிறுத்திக்கொள்ளலாம். ரிட்ஜ்வே தொடங்கும் இடத்தில் சிறு கார் நிறுத்தம் உண்டு. ஏவ்பரியிலிருந்து அதுவரை ஐந்து கி.மீ.க்குள்தான். காரோட்டுபவர் அங்கே வந்து ஏற்றிக்கொள்ளட்டும். காரை அங்கே விட்டுச் செல்வதானால் பை எதுவும் வெளியே தெரியும்படி வைக்காதீர்கள்.

ஓரெழுத்து

தள்ளுவண்டி பற்றி யாரும் சொல்லவில்லையே. கிராமத்துத் தெரு, தேவாலயம், அருங்காட்சியகப் பக்கம் வரை ஓடும். கற்கள் நிற்பது மேய்ச்சல் புல்வெளியில். ஆட்டுப் புழுக்கை, முயல் வளை, மேடு பள்ளம். சிறு சக்கரம் மாட்டிக்கொள்ளும். சில்பரி பக்கத்துப் பாதைகளில் ஒவ்வொருவராக நுழையும் கேட்கள். வண்டியைத் தலைக்கு மேல் தூக்கினால்தான் உண்டு. முதுகில் சுமக்கும் பையைக் கொண்டு வாருங்கள்.

அம்மாவுக்கு இரண்டு யோசனை. ஒன்று, கல்வட்டத்தின் தெற்கு அரைவட்டம். அகழியை ஒட்டிய கரை மேல் ஏற வேண்டாம். சரிவு செங்குத்து, மழைக்குப் பின் சுண்ணாம்பு வழுக்கும், இறங்கும்போது முழங்காலுக்குத்தான் அடி. புல் முளைப்பதற்காகச் சில இடங்களைக் கயிறு கட்டி மூடியும் வைப்பார்கள். உட்புறப் புல்வெளியிலேயே நடந்தால் எல்லாக் கற்களையும் தொட்டுப் பார்க்கலாம். இன்னொன்று, தெற்கு வாசலுக்கு வெளியே தொடங்கும் வெஸ்ட் கென்னட் அவென்யூ. இருபுறமும் கல் வரிசை, நடுவே புல்தரை. எவ்வளவு தூரம் முடியுமோ நடந்துவிட்டு அதே வழியில் திரும்பலாம். முழு அவென்யூவும் சாங்சுவரி வரை 2.5 கி.மீ.; கற்கள் நிற்பது பெரும்பாலும் ஏவ்பரி பக்கம் என்பதால் முதல் பகுதியே போதும்.

பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். கற்களுக்கு இடையே சிறு கான்கிரீட் கம்பங்கள் நிற்கும். அவை காணாமல்போன கற்களின் இடம். நடுக்காலத்தில் பல கற்களைச் சாய்த்துப் புதைத்தார்கள். பிற்பாடு, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், குழியில் தீ மூட்டிக் கல்லைச் சூடாக்கி, தண்ணீர் ஊற்றிப் பிளந்து வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள். 1930களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கீலர் புதைந்தவற்றைத் தோண்டி நிமிர்த்தினார், போனவற்றுக்குக் கம்பம் நட்டார். 1938-ல் ஒரு கல்லுக்கு அடியில் ஒரு ஆணின் எலும்புக்கூடு. கூடவே கத்தரிக்கோலும் 1320களின் நாணயங்களும்! அந்தக் கல்லுக்கு முடிதிருத்துநர் கல் என்றே பெயர். தென்மேற்குப் பகுதியில் தேடச் சொல்லுங்கள். வடக்கு வாசலில் சாலையோரம் நிற்கும் ஸ்விண்டன் கல் சுமார் 60 டன், அது ஒருபோதும் விழாத கல்.

வன்னி

நிலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். சில்பரிக்குப் போற ஓடைப் பாதை மாசி, பங்குனி மாதங்களில தண்ணிக்குள்ள நிக்கும். இது மழைவெள்ளம் இல்லை. சுண்ணாம்புப் பாறை மழையைக் குடிச்சு வச்சு, நிலத்தடி நீர் மட்டம் மெதுவா ஏறின பிறகுதான் வெளிய விடும். அதால மழை விட்டு சில கிழமை கழிச்சு, நல்ல வெயில் நாளிலயும் பாதை மூடியிருக்கும். வைகாசிக் கடைசியில பெரும்பாலும் காஞ்சிருக்கும், ஆனா மாரி காலம் பலத்த மழையெண்டா நம்பேலாது. அப்பிடி இருந்தா ஓடைப் பாதையை விட்டிட்டு அவென்யூ வழியால போங்கோ.

ரிட்ஜ்வேயில வாகனங்கள் உழுத சக்கரத்தடம் இருக்கு. காஞ்சா கல்லு மாதிரி இறுகும், கணுக்கால் பிரளும். நனைஞ்சா சுண்ணாம்புச் சேறு வழுக்கும். சாதாரண ஓட்டச் சப்பாத்தின்ர அடி பத்தாது, பல்லு வச்ச அடி வேணும். கட்டைக் காற்சட்டையும் வேண்டாம், வயல் ஓரமெல்லாம் செந்தட்டி மாதிரிக் கடிக்கிற செடி இடுப்பளவு வளர்ந்திருக்கும்.

உண்ணியைக் கவனியுங்கோ. ஆடு மேயிற நீளப் புல்லுக்குள்ள இருக்கும். வீட்டை வந்ததும் பிள்ளையின்ர முழங்காலுக்குப் பின்பக்கம், கவட்டை, காதுக்குப் பின்னால பாருங்கோ. கடிச்சிருந்தா மெல்லிய சாமணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு நேராக இழுங்கோ. எண்ணெய் பூசுறது, நெருப்புச் சுடுறது ஒண்டும் வேண்டாம். பிறகு வட்டமாச் சிவந்து பரவினா வைத்தியரைப் பார்க்கவேணும்.

ஸ்லவ் தென்றல்

மிக்க நன்றி. தள்ளுவண்டியை விட்டுவிடுகிறோம். வழிகாட்ட கைபேசி வரைபடம் போதுமா? ஸ்டோன்ஹெஞ்ச் கேள்வி மட்டும் பாக்கி.

சுண்ணாம்பு மேடு

ஆர்ட்னன்ஸ் சர்வேயின் நடைவழி வரைபடம், எக்ஸ்புளோரர் 157, வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண கைபேசி வரைபடங்கள் கார்ச் சாலையைத்தான் காட்டும். ஏ4 ஓரமாகவே உங்களை நடத்திக் கூட்டிப் போகும். எக்ஸ்புளோரரில் பொதுவழிகள் பச்சைக் கோடுகளாக இருக்கும்: குட்டைக் கோடு நடைபாதை, நீளக் கோடு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. கம்பங்களில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும், நீலம் குதிரைவழி. ரிட்ஜ்வேயில் ஓக் விதைச் சின்னம் இருக்கும்.

கேட் திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு மாடு நின்றால் நடுவே புகாமல் சுற்றிப் போவது முக்கியம்.

ஓரெழுத்து

ஸ்டோன்ஹெஞ்சை வேறொரு நாளுக்கு வையுங்கள். காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே நேரம் குறித்த சீட்டு. அந்த நேரத்துக்காக இங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டிவரும், ஓவர்ட்டன் ஹில்லுக்கு மேல் போகவே முடியாது. இரண்டும்தான் வேண்டும் என்றால் நீண்ட சுற்றை விட்டுவிட்டு, காலையில் கல்வட்டமும் அவென்யூவும் மட்டும் பார்த்து, மதியம் இரண்டரைக்கு மேல் அங்கே சீட்டு எடுங்கள். பேருந்தில் வருபவர்களுக்கு ஒரே நாளில் இரண்டும் சரிப்படாது. ஏவ்பரிக்கு ஸ்விண்டனிலிருந்து 49 எண் பேருந்து வரும். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை குறைவு என்பதால் கடைசி வண்டியின் நேரத்தைக் கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.