வைக்கோலை மண்புழு தொட மறுக்கிறது: அதன் வயிற்றுக்குள் என்னதான் நடக்கிறது?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

அனைவருக்கும் வணக்கம். சம்பா அறுவடைக்குப் பிறகு, இயந்திரம் கட்டியது போக வயலில் மிஞ்சிய வைக்கோலை வாரி வந்து மண்புழு உரத் தொட்டியில் போட்டேன். வாய்க்காலில் இருந்து இழுத்துப்போட்ட ஆகாயத்தாமரையும் அதில் உண்டு. ஒரு மூலையில் சாணத்தைக் கொட்டி, மண்புழுவை வாங்கி விட்டேன். இப்போது பங்குனி வெயில் ஏறிவிட்டது. புழுக்கள் சாணத்தை விட்டு நகரவில்லை. ஆகாயத்தாமரை கறுத்து மக்கிவிட்டது, வைக்கோல் மட்டும் நிறம்கூட மாறாமல் கிடக்கிறது.

புழு உண்மையில் எதைத் தின்கிறது? சாதாரணத் தொழு உரத்தில் இல்லாத எதை அது சேர்க்கிறது? குறுவைக்கு வயலிலேயே கொஞ்சம் புழுவை விட்டால் வேலை நடக்குமா?

ஐயாற்று வாழை (திருவையாறு)

தம்பி, உங்கள் புழுக்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பல் கிடையாது. மென்மையான, ஈரமான பொருளை உறிஞ்சித்தான் உள்ளே இழுக்கும். காய்ந்த வைக்கோல் இருக்கிறதே, அது மணலில் உள்ள சிலிக்காவும், மரத்தை விறைப்பாக்கும் லிக்னினும் நிறைந்த முரட்டுப் பொருள். அதில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 60 முதல் 80 பங்கு வரை கார்பன் இருக்கும். சாணத்தில் 20, 25 பங்குதான். முதலில் பாக்டீரியாவும் பூஞ்சையும் வைக்கோலில் குடியேறி அதை இளக்க வேண்டும். புழு தேடி வருவது பெரும்பாலும் அந்த நுண்ணுயிர்களைத்தான். அவை சாணத்தில் கோடிக்கணக்கில் இருக்கும்போது, புழு ஏன் அந்த மூலையை விட்டு வரப்போகிறது?

வயிற்றுக்குள் நடப்பதைக் கேட்டீர்கள். எனக்கு எத்தனை முறை சொன்னாலும் சலிக்காத செய்தி அது. உணவோடு விழுங்கிய மணல்துகள்கள் அரைப்பையில் சேர்ந்திருக்கும். வலுவான தசைகள் அழுத்த, அந்த மணலே எல்லாவற்றையும் அரைத்துவிடுகிறது. அரைத்த கூழ் குடலுக்குள் போகும்போது புழு நீரையும் கோழையையும் சுரந்து அதில் கலக்கிறது. உணவோடு வந்த நுண்ணுயிர்களில் பல அந்த ஈரத்தில் விழித்துப் பெருகி, செடியின் நார்ப்பொருளான செல்லுலோஸை உடைக்கின்றன. அந்தச் சாற்றில் புழு எடுத்துக்கொள்வது சிறு பங்குதான். மீதி, கோழையால் பிணைந்த சின்னஞ்சிறு உருண்டைகளாக வெளியே வருகிறது. நன்றாக முடிந்த உரம் தேயிலைத்தூள் மாதிரி உதிரும், மண்வாசனை அடிக்கும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், விற்பவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. புழு சத்தை உண்டாக்குவதில்லை. தொட்டியில் நாம் போட்டதில் இருந்த சத்துதான் வெளியே வரும். கார்பனில் ஒரு பகுதி கரியமில வாயுவாகப் போய்விடுவதால் மீதமுள்ள சத்து செறிவாகிறது, வேர் உடனே எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கும் மாறுகிறது. அதனால் எதைப் போடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். எங்கள் பக்கம் தார் வெட்டிய வாழைமரத்தை வீணாக்க விடமாட்டேன். அதில் சாம்பல்சத்து ஏராளம். துண்டு போட்டு, இரண்டு வெயில் வாடவிட்டுத்தான் குவியலில் சேர்ப்பேன். இல்லாவிட்டால் அதன் தண்ணீரே தொட்டியைச் சேறாக்கிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது: வைக்கோலை வெளியே எடுத்துச் சாண் நீளத்துக்கு நறுக்கி, சாணக்கரைசலில் நன்றாக நனைத்து, தனியாக நிழலில் குவித்துவிடுங்கள். குவியல் சூடேறும். அந்தச் சூட்டில் புழு பிழைக்காது, அவசரப்படாதீர்கள். இடையில் கிளறி, தண்ணீர் தெளித்து மூன்று நான்கு வாரம் விடுங்கள். கையை உள்ளே நுழைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், வைக்கோலை இழுத்தால் இற்றுப்போக வேண்டும். அதன் பிறகு தொட்டிக்கு மாற்றுங்கள். ஈரத்துக்குப் பிடி அளவு அள்ளிப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் கசிந்தால் போதும், ஒழுகினால் அதிகம். புழு தோலால் மூச்சுவிடும் உயிர். காய்ந்தாலும் சாகும், தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாவிட்டாலும் சாகும். மேலே கீற்றுக் கொட்டகை, தொட்டியின்மேல் நனைத்த சாக்கு, எறும்புக்குச் சுற்றிலும் தண்ணீர் நிற்கும் சிறு கால்வாய். இந்த வெயிலுக்கு இவை கட்டாயம் வேண்டும்.

வயலில் விட வேண்டாம். தொட்டியில் வளர்க்கும் புழுக்கள் மக்கும் குப்பையில் வாழ்பவை. உழுத சேற்றில், நிற்கும் தண்ணீரில் அவற்றைக் கொண்டுபோய் விடுவது பாவம்.

கடைமடை (தலைஞாயிறு)

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கள் பகுதி போல நிலத்தடி நீர் உப்பாக இருந்தால் அதைத் தொட்டியில் தெளிக்காதீர்கள், புழுவுக்கு உப்பு ஆகாது. குளத்து நீரோ மழைநீரோ நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் நிற்கும் இடமென்றால் தொட்டியை மேட்டில் கட்டி, அடியில் வடிகால் வையுங்கள்.

வெளிநாட்டுச் சிவப்புப் புழுதான் வேண்டும் என்பதில்லை. பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் நம் நாட்டுப் புழு, சாணத்திலும் குப்பையிலும் நன்றாகப் பெருகும். உள்ளூர்ப் புழுக்களைப் பயன்படுத்தச் சொல்லி மண்ணியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறார்.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

மிக்க நன்றி. இன்றே வைக்கோலைப் பிரித்துவிடுகிறேன். உரம் கிடைத்ததும் குறுவைக்கு யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாமா அக்கா?

ஐயாற்று வாழை (திருவையாறு)

ஒரே போகத்தில் வேண்டாம் தம்பி, கணக்குப் போட்டுப் பாருங்கள். மண்புழு உரத்தில் நைட்ரஜன் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு சதவீதம். ஒன்றரை என்று வைத்தாலும் ஒரு டன்னுக்கு 15 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலேயே 20 கிலோவுக்கு மேல் இருக்கிறது. உங்கள் ஒரு தொட்டி, ஏக்கர் கணக்கில் நெல்லுக்குப் போதாது. ஆனால் யூரியா மூட்டையில் கரிமப்பொருளும் இல்லை, உயிரும் இல்லை. மண்ணைப் பொலபொலப்பாக்குவது அதனால் ஆகாது. வயலுக்குத் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியை விதைத்துப் பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுங்கள். மண்புழு உரத்தை நாற்றங்காலுக்கும், கொல்லையில் இருக்கும் கத்தரி, வெண்டைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சலிக்கும்போது சல்லடையில் தங்கும் கடுகைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள், பழுப்பு மணிகளைக் கொட்டிவிடாதீர்கள். அவை முட்டைக்கூடுகள். அடுத்த தொட்டிக்குப் போடுங்கள், புழு வாங்கும் செலவு மிச்சம்.