பெண்கள் மேசை, மாற்றுத்திறனாளிகள் மேசை: இரண்டிலும் பேர் இருப்பவள் எங்கே போவாள்?

ஃபிட்டர் வாத்தியார்:
ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் 22 வருடம் பாடம் நடத்தியவன். போன மாதம் ஒரு வேலைவாய்ப்பு முகாமுக்கு என் பழைய மாணவியைக் கூட்டிக்கொண்டு போனேன். ஃபிட்டர் தேறியவள், அரம் பிடித்தால் கை நிற்கும். காது கேட்கும் கருவி வைத்திருக்கிறாள். வீடு காலனியில்.

பெண்கள் மேசையில் தையலும் அசெம்ப்ளியும்தான், ஹாஸ்டலோடு. கருவியைப் பார்த்ததும் "மாற்றுத்திறனாளிகள் மேசை அந்தப் பக்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே பேக்கிங் வேலை இருந்தது, ஆனால் தங்குமிடம் ஆண்களுக்கு மட்டும். மூன்றாவது மேசையில் எஸ்.சி. இளைஞர்களுக்கான கடன் திட்டம், அதற்கு ஜாமீன்தாரர் வேண்டுமாம். நாலு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் பிஸ்கட் பாக்கெட்டுமாக வெளியே வந்தாள். ஃபிட்டர் சான்றிதழை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

இதைத்தான் 'குறுக்குவெட்டுப் பார்வை' என்கிறார்கள். பெண், ஊனம், சாதி என்று தனித்தனியாகப் பார்த்தால் எல்லா மேசையும் ஒழுங்காகத்தான் நடக்கிறது. மூன்றும் சேர்ந்த ஆளுக்குத்தான் மேசை இல்லை. பயிற்சியிலும் வழிகாட்டலிலும் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறேன்.

ஒரகடம் எச்.ஆர்.:
சார், மரியாதையோடு மாறுபடுகிறேன். திங்கட்கிழமைக்குள் 200 ஆபரேட்டர் வேண்டும் என்று எனக்கு மெயில் வருகிறது. ஆளுக்கு ஆள் ஜாதகம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இன்றைக்கு மூன்று கட்டம் என்பீர்கள், நாளைக்கு மதம், கிராமம், தமிழ்வழி, முதல் தலைமுறை என்று நீளும். அத்தனைக்கும் மேசை போட்டால் முகாமில் ஆட்களைவிட மேசைதான் அதிகம் இருக்கும். வறுமை என்ற ஒரே அளவுகோல் போதாதா? மேலும் 69% இட ஒதுக்கீடு, பெண்களுக்கு 30%, மாற்றுத்திறனாளிகளுக்கு 4% என்று இருக்கிறதே.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் சொன்ன அத்தனையும் அரசு வேலைக்கு. உங்கள் ஆலையில் எது சார் செல்லும்?

வாத்தியாரிடமும் ஒரு சண்டை. இந்த வார்த்தை எதற்கு? நம்மிடம் எந்தப் பணியிடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசையாகச் சொல்லும் 200 புள்ளி இனச்சுழற்சிப் பட்டியல் இருக்கிறது. பெண்களுக்கான 30% தனியாக நிற்பதில்லை. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் படுக்கைவாட்டில் போகிறது. அந்த 30%க்குள் பத்தில் ஒரு பங்கு ஆதரவற்ற விதவைகளுக்கு. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20% உள்ளே. டி.என்.பி.எஸ்.சி. அறிவிக்கையின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள்: சாதி, பெண், விதவை மூன்றும் சேர்ந்த இடம் அடைப்புக்குறிகளோடு நிற்கும். நம் குமாஸ்தாக்கள் அமெரிக்கப் பேராசிரியர்களிடம் கேட்டுக்கொண்டு அதைப் போடவில்லை.

வழக்காடி:
கணக்குப்பிள்ளை, அந்தச் சொல் பிறந்த கதை உங்களுக்கே பிடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 1964க்கு முன்னால் அந்தக் கம்பெனி ஒரு கறுப்பினப் பெண்ணைக்கூட எடுக்கவில்லை. ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியே. 1976இல் நீதிமன்றம் என்ன சொன்னது? பெண்கள் வேலையில் இருந்தார்கள், ஆகவே பாலினப் பாகுபாடு இல்லை. இன வழக்கை வேண்டுமானால் தனியாக நடத்துங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு வழக்காகக் கேட்க முடியாது. இருந்த பெண்கள் வெள்ளையர்கள் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. 1989இல் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா இந்த வழக்கை எடுத்து வைத்துத்தான் அந்தச் சொல்லையே உருவாக்கினார். வாத்தியாரின் மாணவியும் மூன்று மேசைக்கு நடுவே அங்கேதான் நிற்கிறாள்.

நம் உச்ச நீதிமன்றமும் 2021இல் பட்டான் ஜமால் வலி வழக்கில், பார்வையற்ற பட்டியலினப் பெண்ணுக்கு நடந்த கொடுமையை இதே பார்வையில்தான் அணுகியது.

ஒரகடம் எச்.ஆர்.:
வழக்கு சரி. ஷாப்ஃப்ளோரில் என்ன செய்வது? பெண்களை நிறைய எடுக்கிறோம், லைனில் முக்கால்வாசி பெண்கள்தான். அப்புறமும் குற்றவாளிக் கூண்டா?

இரண்டாம் ஷிப்ட்:
சார், அந்த முக்கால்வாசியில் எத்தனை பேருக்குக் குழந்தை இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா?

எனக்கு 27 வயது. டிப்ளமோ. ஒரு ஆலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் விளம்பரம் போட்டார்: 18 முதல் 25, திருமணமாகாத பெண்கள், தங்குமிடம் இலவசம். வயதைப் பேசிச் சமாளித்தேன். வேனில் ஏறும் முன் என் காலைப் பார்த்து "மெட்டியைக் கழற்றிப் பர்ஸில் போடுக்கா" என்றார். கழற்றினேன். விரலில் வெள்ளையாக ஒரு தடம் இருந்ததே, அதை என்ன செய்வது? கேட்டில் இருந்த அம்மா அதைப் பார்த்துவிட்டார். "உலோகம் போட்டவங்க லைனுக்கு ஆகாதும்மா" என்றார், கழற்றிய பிறகும். 2024இல் பெரிய ஆலை ஒன்றைப் பற்றி இதே மாதிரி செய்தி வந்து, மத்தியத் தொழிலாளர் துறை மாநிலத்திடம் அறிக்கை கேட்டபோது எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆண்களில் கல்யாணமானவனுக்குப் 'பொறுப்பானவன்' என்று பெயர். பெண்ணாக மட்டும் இருந்தால் வேலை உண்டு. பெண்ணும் மனைவியுமாக இருந்தால் இல்லை. இதற்கு உங்கள் வறுமை அளவுகோலில் எந்தக் கோடு சார்?

ஒரகடம் எச்.ஆர்.:
ஏஜென்ட்கள் செய்வதற்கு... சரி, அந்தச் சாக்கு வேண்டாம். ஏஜென்டுக்கு நாங்கள்தான் விவரம் தருகிறோம். ஆனால் ராத்திரி ஷிப்டுக்குப் பெண்களை விட்டால் போக்குவரத்து, காவல் எல்லாம் எங்கள் தலையில்தான்.

கணக்குப்பிள்ளை:
இரவில் பெண்கள் வேலை செய்வதைத் தடுத்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, பாதுகாப்பு நிபந்தனைகளோடு. வேன் விடுவது அதில் ஒரு பகுதி. சலுகை இல்லை.

இரண்டாம் ஷிப்ட்:
வேன் ஹாஸ்டலுக்குத்தான் போகும் அண்ணா, என் ஊருக்கு வராது. இலவசப் பேருந்தும் சாதாரண டவுன் பஸ்ஸில் மட்டும்தான். எங்கள் ஊருக்குக் கடைசி வண்டி எட்டே முக்கால்.

ஃபிட்டர் வாத்தியார்:
எச்.ஆர். தம்பி, ஆளுக்கொரு மேசை நான் கேட்கவில்லை. இருக்கிற மேசையில் உட்கார்ந்திருப்பவர் "அந்தப் பக்கம் போம்மா" என்பதற்கு முன்னால் சான்றிதழைப் பிரித்துப் பார்க்கட்டும். என்ன படித்தாய், எங்கே தங்குவாய், எப்படி வருவாய் என்று ஒரே ஆள் ஒரே இடத்தில் கேட்கட்டும். பயிற்சியிலும் அப்படித்தான். அவள் படித்தபோது நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியே பேசுவேன். உதடு தெரியாமல் தவித்திருக்கிறாள். இரண்டாவது செமஸ்டரில்தான் தோழி ஒருத்தி வந்து சொன்னாள். பொம்பளைப் பிள்ளை கூச்சப்படுகிறது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரகடம் எச்.ஆர்.:
சார், மெயின்டெனன்ஸில் ஃபிட்டர் இடம் இரண்டு இருக்கிறது. சான்றிதழ் நகலைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். வாக்குக் கொடுக்கவில்லை, பேசிப் பார்க்கிறேன்.

ஃபிட்டர் வாத்தியார்:
பெண்கள் ஹாஸ்டல் உண்டா?

ஒரகடம் எச்.ஆர்.:
உண்டு. ஆனால் அங்கே தீ எச்சரிக்கைக்கு மணி மட்டும்தான் அடிக்கும், விளக்கு எரியாது. இப்போதுதான் யோசிக்கிறேன். கேட்டுச் சொல்கிறேன்.