பாரிசில் அம்மாவோடு எங்கே தங்குவது?

அக்டோபர் முதல் வாரம் அம்மாவுடன் பாரிஸ் போகிறேன். ஞாயிறு மாலை சார்ல் த கோல் விமான நிலையத்தில் இறங்கி, வெள்ளி காலை திரும்புகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று, தங்குமிடம்தான் இழுபறி.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதளத்தில் மெதுவாக நடப்பார். ஐந்தாறு படி ஏறினாலே உட்கார இடம் தேடுவார். சுத்த சைவம், கேக்கில் முட்டை இருந்தால்கூடத் தொடமாட்டார்.

சாப்பாட்டுக்கு லா ஷப்பேல் பகுதிதான் வசதி. ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் காலடியில். விமான நிலையத்திலிருந்து ரயிலில் பக்கத்திலுள்ள கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வந்துவிடலாம். ஆனால் பழைய மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் படிதான். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உள்ள 14ஆம் தடம் அந்தப் பக்கம் வருவதில்லை. அதற்காக அந்தத் தடத்திலுள்ள கார் த லியோன் நிலையத்தருகே தங்கினால் அம்மாவின் சாப்பாடு இடிக்கிறது.

முன்பதிவுத் தளங்களில் ‘லிஃப்ட் உண்டு’ என்று வடிகட்டிப் பார்த்தேன். ஒரு விடுதிக்கு எழுதிக் கேட்டதில், வாசலிலிருந்து லிஃப்ட் வரை எட்டுப் படி என்று பதில் வந்தது. அப்புறம் எதற்கு அந்த லிஃப்ட்! பஸ்களில் சாய்தளம் இருக்கிறது. நெரிசலில் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதுதான் பிடிபடவில்லை.

பார்க்க நினைப்பது கொஞ்சம்தான்: திங்கள் லூவ்ர் அருங்காட்சியகம், செவ்வாய் அங்கே விடுமுறை என்பதால் ஓர்சே அருங்காட்சியகம், பிறகு ஈஃபில் கோபுரம், சேன் நதியில் படகு.

லா ஷப்பேலில் தங்கி பஸ்ஸில் சுற்றுவதா, 14ஆம் தடத்தருகே தங்கிச் சாப்பாட்டுக்கு அங்கே போவதா? முதியவர்களை அழைத்துப் போனவர்கள் எதைச் சொல்வீர்கள்?